நான் கேட்டது ஒரு கதவு

இப்பல்லாம் பஸ்ஸில் யாரும் யாருக்கும் எழுந்து இடம் கொடுப்பதில்லை. நிறைமாத வயிற்றோடு ஒரு பொம்பளை படியில் கால் வைத்தால், உள்ளே இருக்கிற நாற்பத்துநாலு தலையும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறது. வெளியே பார்க்க என்ன இருக்கிறது? அதே கரடு, அதே கருவேலம். கம்பு ஊன்றிய கிழவன் வந்தால், மீசை முளைத்த பயல் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்கிறான். வெட்கம் என்று ஒன்று இருந்தது. அதை எங்கே கழற்றிப் போட்டார்களோ.

திட்டிவிட்டேன். அவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எழுந்து இடம் கொடுத்தால் கொடுத்தவன் பஸ்ஸை விட்டே இறங்க வேண்டும். ஒரே ஒரு ஆள் நின்றாலும் பஸ் நகராது. அதுதான் சட்டம். அந்தச் சட்டத்துக்கு என் பேரை வைத்திருக்கிறார்கள்.

"மொக்கராசு வழக்கின் ஆணைப்படி, இருக்கை இல்லாத பயணி இறங்கவும். பேருந்து நகராது. நன்றி."

கூரையில் இருக்கிற பெட்டி இப்படிச் சொல்லும். பொம்பளைக் குரல், சர்க்கரைப் பாகு மாதிரி. இந்த மாநிலத்தில் எங்கெங்கே பஸ் நிற்கிறதோ அங்கெல்லாம் என் பேர் கேட்கிறது. எங்கெங்கே கேட்கிறதோ அங்கெல்லாம் என் அப்பன் ஆத்தாளை இழுத்துத் திட்டுகிறார்கள். மூன்றாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவன் நான். நான் சட்டம் போட்டேனாம்.

ஒன்பது வருசத்துக்கு முன்னால் என் பெஞ்சாதி ஒச்சம்மா எங்கள் மலைப்பாதை பஸ்ஸிலிருந்து விழுந்து செத்தாள். படி ஓரம் நின்றிருந்தாள். கொண்டை ஊசி வளைவில் டிரைவர் ஒடித்துத் திருப்பினான், கை விட்டுவிட்டது. அந்தப் பஸ்ஸுக்குக் கதவு கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது, துருப்பிடித்து விழுந்ததும் முதலாளி அதைக் காயலான் கடையில் போட்டுவிட்டான்.

நான் கேட்டது அந்தக் கதவைத்தான். எம்.எல்.ஏ. தங்கப்பாண்டி வீட்டுக்கு மூன்று தடவை நடந்தேன். "பாத்துருவோம்ணே" என்றான், மூன்று தடவையும். அப்புறம் வக்கீல் ஜெயசீலன் காசு வாங்காமல் வழக்குப் போட்டார். பெரிய கோர்ட்டில் அந்த நீதிபதி நல்ல மனுசன். தீர்ப்பு வாசிக்கும்போது ஒச்சம்மா பேர் வந்த இடத்தில் நிறுத்திக் கண்ணைத் துடைத்தார், நானே பார்த்தேன். அந்த நல்ல மனசுதான் எங்களைக் கெடுத்தது. ஒரு பஸ்ஸுக்குக் கதவு போடச் சொல்வதற்குப் பதிலாக, மாநிலத்தில் ஓடுகிற எந்த வண்டியிலும் ஒருத்தரும் நிற்கக் கூடாது என்று எழுதிவிட்டார். 'ஒவ்வொரு பயணியும், வயது பாராமல், தனி இருக்கையில்' என்று எழுதினார். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். கதவு என்ற வார்த்தை அதில் முகவுரையில் மட்டும் வருகிறது என்று ஜெயசீலன் சொன்னார்.

அன்றைக்குக் காலையில் தீர்ப்பு. மத்தியானம் நான் ஊருக்குத் திரும்ப ஏறிய பஸ்ஸே நகரவில்லை. கண்டக்டராக இருந்து டிரைவரான சுருளிதான் அன்றைக்கு வண்டியில்.

"என்னடா சுருளி, பெட்டி பேசுது?"

"அமலாக்கிண்ணே. கோர்ட்டு சொல்றத ஆபீசரும் கேக்கல, முதலாளியும் கேக்கலன்னு கோர்ட்டே வண்டிக்கு வண்டி பெட்டி மாட்டிருச்சுல்ல. தீர்ப்பு எழுதுன ஒரு மணி நேரத்துல இதுக்குள்ள வந்துருமாம். நடுவுல மந்திரி கிடையாது, போலீசு கிடையாது."

"நடுவுல நீ இருக்கியே."

"நான் ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். அது நகருன்னு சொன்னா நகருவேன்."

"கதவு?"

"நிக்கிறவனே இல்லாதப்ப கதவு எதுக்குன்னு முதலாளி கேக்காருண்ணே."

இன்றைக்கு வரைக்கும் அந்தப் பஸ்ஸுக்குக் கதவு கிடையாது.

நிற்கிற ஆள் இல்லாமல் கட்டுப்படி ஆகவில்லை என்று எங்கள் பாதையில் ஓடிய மூன்று பஸ்ஸில் இரண்டை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் ஒன்று. காலையில் ஏழுகல் எஸ்டேட்டில் கிளம்பிக் கீழே டவுனுக்குப் போகும். சாயங்காலம் திரும்பும். வேன், ஆட்டோ எல்லாவற்றிலும் அதே பெட்டி. எஸ்டேட்டிலேயே முக்கால் பஸ் நிறைந்துவிடும். எங்கள் ஊர் நிறுத்தத்தில் ஒரு இடமோ இரண்டு இடமோதான் இருக்கும். அதற்குப் பதினைந்து பேர். முதலில் வலுத்தவன் ஏறுவான். கேட்க நாதியில்லாதவர்களை இறக்கிவிடுவார்கள். காலனிக்காரர்கள் யாராவது முன்னாடியே உட்கார்ந்திருந்தால் அவர்களைப் பார்த்து, "நீ அடுத்த நாள் போனா ஆகாதா?" என்பார்கள். முன்னே ஒரு பஸ்ஸில் எழுபது பேர் ஒருத்தர் வேர்வை ஒருத்தர் மேல் படப் போனோம். இடித்துக்கொண்டு போனோமே தவிர, யாரையும் ரோட்டில் விட்டுவிட்டுப் போகவில்லை.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். தன்ஷிகாவுக்குப் பிள்ளை பிறக்கிற வரைக்கும்.

தன்ஷிகா ஒச்சம்மாவின் தம்பி மகள். ஆத்தா இல்லாத பிள்ளை, அவள் அத்தைதான் வளர்த்தாள். பேரைப் பாருங்கள், தன்ஷிகா. எனக்கு இன்றைக்கும் வாயில் நுழைவதில்லை, தன்சி என்றுதான் கூப்பிடுவேன். புருசன் திருப்பூரில் இருக்கிறான். அவளுக்குப் பிறந்த ஆண் பிள்ளைக்கு வலது பாதம் உள்பக்கம் மடங்கியிருந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பயப்படாதே என்றார். செவ்வாய்க்கிழமைதோறும் வந்து மாவுக்கட்டு மாற்ற வேண்டும், ஒவ்வொரு தடவையும் பாதத்தைக் கொஞ்சம் திருப்பிக் கட்டுவார்கள், ஆறு கட்டில் நேராகிவிடும். ஒரு செவ்வாய் விட்டால் பார்த்துக்கொள்ளலாம். அடுத்தடுத்து இரண்டு விட்டால் பாதம் பழையபடி மடங்கும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எலும்பு இறுகிப்போனால் கத்திதான்.

வயது பாராமல் தனி இருக்கை. இரண்டு மாதக் குழந்தைக்கும் ஒரு சீட்டு. மடியில் வைத்தால் பெட்டி ஒத்துக்கொள்ளாது. கூரையில் இருக்கிற கண்ணு தலையை எண்ணும், சீட்டு பாரத்தை எண்ணும், இரண்டும் பொருந்த வேண்டும். எங்கள் ஊரில் பிள்ளைக்கு மடிதான் சீட்டு. இது அந்த நீதிபதிக்குத் தெரியாது. அவர் பிள்ளைகள் காரில் வளர்ந்திருக்கும்.

அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். திங்கள் சாயங்காலப் பஸ்ஸில் ஏழுகல்லுக்குப் போய், அங்கே டீக்கடை ஓரம் படுத்து, விடிந்ததும் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொள்வேன். எங்கள் நிறுத்தம் வந்ததும் நான் இறங்க, தன்ஷிகா ஏறிக்கொள்வாள். எப்படியும் இன்னொரு இடம் காலியாக இருக்கும், அதில் பிள்ளையைக் கிடத்துவாள். அவளும் என்னோடு மேலே வருகிறேன் என்றாள். "மலைக்குளிர் பச்சப்பிள்ளைக்கு ஆகாது, நீ கிட" என்றேன். துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, நானே துண்டாகப் போனேன்.

இரண்டாவது வாரம் அவர்களோடு நானும் டவுன் வரைக்கும் போனேன். அன்றைக்கு இடம் இருந்தது. பாதி மலையில் பிள்ளை பசியில் கத்தியது. தன்ஷிகா பாவம், யோசிக்காமல் தூக்கி மாரோடு அணைத்தாள். பஸ் அந்த இடத்திலேயே நின்றது. ஏழாவது கொண்டை ஊசி. பின்னால் தக்காளி லாரி ஆரன் அடிக்கிறான்.

"மொக்கராசு வழக்கின் ஆணைப்படி..."

"ஏம்மா, பிள்ளையக் கீழ போடு! ஆபீசுக்கு நேரமாச்சு!"

"பால் குடிக்குதுக்கா."

"டவுன்ல போய்க் குடுக்கலாம்ல? உம் பிள்ளைக்காக ஊரே நிக்கணுமா?"

சொன்னது யார் தெரியுமா? நாலு பெற்றவள். தன்ஷிகா பிள்ளையை மாரிலிருந்து பிடுங்கிச் சீட்டில் கிடத்தினாள். அது அலற அலற பஸ் நகர்ந்தது. நான் அந்தப் பொம்பளையைத் திட்டினேன். அவள், "கேசு போட்டது நீதான கெழவா" என்றாள்.

நாலாவது செவ்வாய் பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு வரும்போது நிறைந்துவிட்டது. நான் இறங்கினால் ஒரு இடம். வேண்டியது இரண்டு. நான் உள்ளே நின்று கைகூப்பிக் கேட்டேன், ஒருத்தர் இறங்குங்கள் என்று. பரீட்சை, வாய்தா, சாவு வீடு. ஆளுக்கு ஒரு காரணம், எல்லாம் உண்மைதான். பஸ் போய்விட்டது. ஒரு கட்டுத் தவறியது.

நேராகத் தங்கப்பாண்டி வீட்டுக்குப் போனேன். இப்போது அவன் மூன்றாவது தடவை எம்.எல்.ஏ.

"மடியில பிள்ளை வச்சுக்கலாம்னு ஒரு வரி. சட்டசபையில ஒரு வரி போடுய்யா."

"கோர்ட்டு விவகாரம்ணே. நாங்க கை வைக்க முடியாது."

"உனக்கு நான் ஓட்டுப் போட்டேன். அந்த நீதிபதிக்கு எந்த ஊர்க்காரன் ஓட்டுப் போட்டான்? நீ தப்புப் பண்ணினா அஞ்சு வருசத்துல உன் வேட்டியப் பிடிச்சு இழுப்பேன். அவரை எங்க போய் இழுக்க? அவர் ரிட்டயராகி வீட்ல உக்காந்திருக்காரு, அவர் எழுதினது என் தலைமேல உக்காந்திருக்கு."

தங்கப்பாண்டி சிரித்தான். "உண்மையச் சொல்லவா? மடியில பிள்ளை வைக்கலாம்னு நான் சட்டம் போட்டு, நாளைக்கு ஒரு பிள்ளை விழுந்துச்சுன்னா என் கொடும்பாவிய எரிப்பான். கோர்ட்டு போட்டா எரிக்க ஆளே கிடையாது. எங்களுக்கும் அது வசதிதான்ணே." அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "நீங்களும் கதவுக்கு மூணு வாட்டி எங்கிட்ட வந்தீங்க. நான் செஞ்சேனா? செய்யல. அப்ப கோர்ட்டுக்குத்தான போனீங்க?"

அது உண்மை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. வேலை செய்ய வேண்டியவன் செய்யவில்லை. செய்யக் கூடாதவர் செய்துவிட்டார். செய்யாதவன் இப்போது கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

ஜெயசீலனுக்குப் போன் போட்டேன். அவர் சொன்னது அதற்கு மேல். "அண்ணே, ஜெயிச்சவங்க அப்பீல் போக முடியாது."

"நான் எங்கய்யா ஜெயிச்சேன்?"

"ரெக்கார்டுல ஜெயிச்சிருக்கீங்க. தோத்தவங்கதான் போகலாம். தோத்தது கவர்மெண்டும் முதலாளியும். அவங்க போகல. ஒண்ணு செய்யலாம், விளக்கம் கேட்டு மனு. அதை ஒங்க பேர்ல மட்டும்தான் போட முடியும். இப்பல்லாம் நாலஞ்சு நாள்ல எடுத்துருவாங்க."

திங்கட்கிழமை காலையில் எங்கள் ஊர் இ-சேவை மையத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்தில் தன்ஷிகா, மடியில் பிள்ளை. அங்கே மடி செல்லும். திரையில் புது நீதிபதி, ஒரு அம்மா. மரியாதையான ஆள். ஜெயசீலன் மாவுக்கட்டு, மடி எல்லாம் எடுத்துச் சொன்னார். அந்தம்மா கவனமாகக் கேட்டார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

"பெரியவரே, பழைய தீர்ப்பை முழுவதும் படித்தேன். ஒன்று மட்டும் அதில் இல்லை. உங்கள் மனைவி ஏன் நின்றுகொண்டிருந்தார்? பேருந்தில் இடமே இல்லாததால்தானே?"

ஒன்பது வருசத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை சீட்டு, எவ்வளவு வேகம், அதைத்தான் கேட்டார்கள். ஜெயசீலன் தலையை ஆட்டினார், ஆமாம் என்று சொல்லச் சொல்லி.

பிள்ளை தன்ஷிகாவின் மடியில் மாவுக்கட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு இடம் இருந்துச்சும்மா," என்றேன்.

ஜெயசீலன் தலை நின்றது.

"நான் துண்டு போட்டு வச்சிருந்தேன். அடுத்த நிறுத்தத்துல என் சம்பந்தி ஏறுவாரு. மகனுக்குப் பெண் எடுத்த எடம். ரெண்டு குடும்பமுமா ஒரு விசேசத்துக்குப் போறோம். சம்பந்திய நிக்க வைக்கக் கூடாதுல்ல. ஒச்சம்மா உக்காரப் போனா. நான்தான், 'ஒரு நிறுத்தம்தான, நில்லு'ன்னேன். அவ துண்ட எடுக்கல. படிக்கிட்ட போய் நின்னா. சுருளிக்குத் தெரியும், அவன்தான் அன்னைக்கு கண்டக்டர். அவனும் துண்டத் தொடல."

நான் மேலே பேசினேன். "இது தெரிஞ்சிருந்தா அந்த ஐயா வேற மாதிரி எழுதியிருப்பாரு. நாலு ஊர்க்காரன் உக்காந்து பேசியிருந்தா எவனாவது ஒருத்தன் கேட்டிருப்பான், 'ஏண்டா மொக்கராசு, துண்டு யாருக்குப் போட்ட'ன்னு. அங்க கறுப்புக் கோட்டு ரெண்டு பேரும் எழுதிக் கொடுத்ததத் தவிர ஒண்ணுமே இல்ல. என் ஒரு வீட்டுக் கதைய, அதுவும் பாதிக் கதைய வச்சு, எல்லாருக்கும் சட்டம் போட்டுட்டாங்கம்மா. மடியில பிள்ளைய விட்ருங்க. அது போதும்."

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். நேர்மைக்கு நன்றி என்றார்கள். மடி விசயம் குழந்தைப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதாம், நிபுணர் குழுவுக்கு அனுப்புகிறார்களாம், ஆறு மாதம். மனுவை வழிகாட்டுதலோடு முடிக்கிறார்களாம். திரை அணைந்துவிட்டது.

வெளியே வந்ததும் தன்ஷிகா கேட்டாள். "அத்தை எப்பவும் காத்துக்காகப் படிக்கிட்டதான் நிக்கும்னு சொன்னீங்களே மாமா."

"சொன்னேன்."

"நான் ஜட்ஜா இருந்தா ஒங்களத்தான் உள்ள தூக்கிப் போட்டிருப்பேன்."

"அதுதான் சரியான தீர்ப்பு. என் ஒருத்தனுக்குச் சொன்ன தீர்ப்பு. அதை வாங்கிக்கிட்டுப் பேசாம உள்ள போயிருப்பேன்."

பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பாமலே சொன்னாள்: "நாளைக்கு எடம் பிடிங்க. இதையும் விட்டா ரெண்டு செவ்வாய் விட்டதாயிரும். மறந்துறாதீங்க."

மறக்கவில்லை. சாயங்காலம் மேலே போனேன், காலையில் முதல் ஆளாக ஏறினேன். அன்றைக்குச் சாமி கண் திறந்த மாதிரி, எங்கள் நிறுத்தம் வரும்போது கடைசி வரிசையில் ஒரு இடம் காலியாகவே இருந்தது. என்னுடையதோடு இரண்டு. தன்ஷிகா பிள்ளையோடு வரிசையில் முதலில் நின்றாள். மூன்று மணிக்கே வந்து நின்றிருக்கிறாள், கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

எழுந்து இறங்கினேன். நான் உட்கார்ந்திருந்த சீட்டின் முதுகில் சிவப்பு விளக்கு எரிந்தது. இதுவரை அப்படி எரிந்ததில்லை.

"மொக்கராசு இரண்டாம் வழக்கின் ஆணைப்படி, ஒருவருக்காக இன்னொருவர் இடம் பிடிப்பது தடை செய்யப்பட்டுள்ளது. இறங்கியவரின் இருக்கை அடுத்த நிறுத்தம் வரை காலியாக வைக்கப்படும். நன்றி."

"என்னடா இது சுருளி?"

சுருளி என் முகத்தைப் பார்க்கவில்லை. "நேத்து மத்தியானம் வந்துச்சுண்ணே. நீங்க துண்டு போட்டதுனாலதான் அக்கா செத்துச்சுன்னு கோர்ட்டுல சொன்னீங்களாம்ல. இனிமே யாரும் துண்டு போடக் கூடாதாம்."

"அங்க பாருடா. அது என்ன காலியா கிடக்கு? கோர்ட்டே துண்டு போட்டு வச்சிருக்கு!"

"ஒரு ஆள் ஏறலாம்ணே. பின்னாடி ஒரு எடம் இருக்கு. தாயா பிள்ளையா, சீக்கிரம் சொல்லச் சொல்லுங்க."

தன்ஷிகா படியில் ஒரு காலை வைத்தபடி நின்றாள். கதவில்லாத அந்தப் படியில், ஒச்சம்மா நின்ற அதே இடத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு. உள்ளே சிவப்பு விளக்குக்குக் கீழே சீட்டு காலியாக இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"எறங்கு தன்சி. கை விட்டுறப் போற," என்றேன்.

இறங்கினாள். அவளுக்குப் பின்னால் நின்ற உரக்கடைக்காரன் ஏறிக் கடைசி வரிசைக்குப் போனான். பஸ் ஒரு காலி இடத்தோடு போனது.

அவள் அங்கேயே கல்லில் உட்கார்ந்து பிள்ளையின் கட்டைத் தடவிப் பார்த்தாள். மாவு ஓரத்தில் உதிர ஆரம்பித்திருந்தது. "முதல்ல இருந்து," என்றாள், எனக்குச் சொல்கிற மாதிரி இல்லை.

"அடுத்த வாரம் நீயும் மேல வா. போர்வையில சுத்திக்குவோம்."

"வாரேன். ரெண்டு எடம் நானே பிடிச்சுக்கிறேன். ஒருத்தன் எழுந்திரின்னு சொல்லட்டும், பாக்குறேன்."

அந்தக் குரலில் நான் ஏழாவது கொண்டை ஊசியில் கேட்ட பொம்பளையைக் கேட்டேன்.

போன் அடித்தது. ஜெயசீலன்.

"அண்ணே, ஆர்டர் காப்பி வந்துருச்சு. தள்ளுபடி ஆகல. வழிகாட்டுதலோட முடிச்சிருக்காங்க. ரெக்கார்டுல பாத்தா மறுபடியும் ஜெயிச்சிருக்கோம்."

"அப்படியா."

"இந்தச் சிவப்பு விளக்குக்கு இன்னொரு விளக்க மனு போடலாம். ஒங்க பேர்லதான் போட முடியும்."

"வேண்டாம்யா. இன்னொரு உண்மையச் சொன்னேன்னா இன்னொரு சட்டம் வந்துரும்."

"அப்படிச் சொல்லாதீங்க. கோர்ட்டு இல்லேன்னா ஏழைக்கு யாரு? தங்கப்பாண்டியா? அவங்க நோக்கம் நல்ல நோக்கம்ணே, நீங்க அதைப் புரிஞ்சுக்கணும், பெரிய அளவுல பாத்தீங்கன்னா..."

பிள்ளை அழுதது. தன்ஷிகா அதை மடியில் போட்டுக்கொண்டாள். ரோட்டோரக் கல்லுக்கு எந்தப் பெட்டியும் கிடையாது. நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் தலைக்கும் வெயிலுக்கு மறைப்பாகப் போட்டுவிட்டு, டாக்டரம்மாவிடம் நானே நேரில் சொல்லிவிடலாம் என்று டவுன் ரோட்டில் இறங்கினேன். முப்பத்தெட்டு கிலோமீட்டர். வக்கீல் இன்னும் விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு விளங்கவில்லை. விளங்கவும் வேண்டாம் என்று போனைப் பேச்சோடு பேச்சாகச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு நடந்தேன்.